விசுவாசமும் ஒரு வரமே

ஆண்டுதோறும் நவம்பர் மாத இறுதியில் கொடியேறி, டிசம்பர் 3ஆம் நாள் நிறைவுபெறும் கோட்டாறு புனித சவேரியார் பேராலயத் திருவிழாவுக்குக் குமரி மாவட்டத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் திரண்டு வருகின்றனர். கத்தோலிக்கர் மட்டுமல்லர், பிற திருச்சபையினரும் பிற சமயத்தினரும் வருகின்றனர். 'கேட்ட வரம் தரும் சவேரியார்' என்பது இம்மக்களின் நாவில் ஊறிப்போன பெயர். மகளின் திருமணம், மகனின் தேர்வு, வளைகுடா நாட்டில் ஒரு வேலை, தீராத நோய், அடைபடாத கடன், கடலுக்குச் சென்றவர் கரைசேர்தல் என்று அவர்கள் கேட்கும் வரங்கள் பல. இவற்றுள் எதையும் இழிவாக எண்ணுவதற்கில்லை. அன்றாட உணவைக் கேட்கும்படி ஆண்டவரே நமக்குக் கற்பித்திருக்கிறார். பசியையும் பிணியையும் பற்றித் தன் தந்தையிடம் பேசக் கூசுகிற பிள்ளை, தந்தையை இன்னும் அறியாத பிள்ளையே.

ஆயினும் அவ்வரங்களுக்கெல்லாம் முன்னதாகக் கேட்க வேண்டிய வரம் ஒன்று உண்டு. அதைக் கேட்க வேண்டும் என்பதே நம்மில் பலருக்குத் தோன்றுவதில்லை. அது முன்பே நம் கையில் இருக்கவேண்டிய பொருள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவ்வரம் விசுவாசம். செபத்துக்கு நாம் கொடுக்கும் விலையாக விசுவாசத்தைக் கருதுகிறோம். மிகுதியாகக் கொடுத்தவருக்குக் கேட்டது கிடைக்கும், குறைவாகக் கொடுத்தவர் வெறுங்கையோடு திரும்புவார் என்று கணக்கிடுகிறோம். இக்கணக்கு எத்தனை பேருடைய உள்ளத்தை அறுக்கிறது என்பதைப் பங்குத்தளங்களில் பணியாற்றுகிற குருக்கள் அறிவர்.

நாம் அறிந்த ஒன்றைச் சொல்லுவோம். நாகர்கோவிலிலிருந்து அஞ்சுகிராமம் செல்லும் சாலையில் உள்ள மயிலாடி, கல்லுக்குப் பெயர்போன ஊர். இவ்வூர்ப் பட்டறைகளில் செதுக்கப்படும் கற்சிலைகள் தமிழ்நாட்டைக் கடந்தும் செல்லுகின்றன. கிறிஸ்தவ வரலாற்றிலும் இவ்வூருக்கு இடம் உண்டு. 1806இல் ரிங்கல்தௌபே என்னும் மறைப்பணியாளர் இங்கு வந்து சேர்ந்ததும், இவ்வூரார் வேதமாணிக்கம் அவருக்குத் துணைநின்றதும் தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தச் சபையின் தொடக்கமாயின. கல் வேலைக்குச் செல்லுகிறவர்களில் நம் பங்கு மக்களும் சிலர் உண்டு. அவர்களுள் ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் அத்தொழிலில் இருந்தார். தொடக்கத்தில் உளியும் சுத்தியலும். பின்னர் மின்சாரத்தில் ஓடும் அறுப்பு இயந்திரம். வேலை விரைந்து முடிந்தது. தூசியும் அவ்வாறே பெருகியது. முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்று அவர் நினைத்தார். இருமல் வந்தது, மூச்சிரைப்பு வந்தது. காசநோய் என்று எண்ணி முதலில் மருந்து கொடுத்தார்கள். கருங்கல் தூசியில் உள்ள சிலிக்காத் துகள்கள் நுரையீரலில் படிந்து அதைத் தழும்பாக்கிவிடுகிற சிலிக்கோசிஸ் என்னும் நோய் அது என்பது தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. தழும்பேறிய நுரையீரலை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இன்றளவும் இல்லை.

அவருடைய மனைவி செபிக்காத நாள் கிடையாது. மாலைதோறும் செபமாலை, செவ்வாய்தோறும் புனித அந்தோனியார் நவநாள், வெள்ளிதோறும் ஒருசந்தி, வேளாங்கண்ணிக்கு ஒரு பயணம். நாமும் நோயில் பூசுதல் அருளடையாளத்தை அளித்தோம். நற்கருணை கொண்டு சென்றோம். ஒன்றரை ஆண்டுகளுக்குப் பின் அவர் இறந்தார். முப்பதாம் நாள் திருப்பலி முடிந்ததும் அப்பெண்மணி பங்கு இல்லத்து வராந்தாவில் வந்து நின்று கேட்டார்: "சாமி, ஒரு செபக்கூட்டத்துல என்னட்ட சொன்னாவ, உனக்குக் கடுகளவு விசுவாசம் இருந்திருந்தா அவரு எழும்பியிருப்பாருன்னு. அப்போ நானா சாமி அவர விட்டுட்டேன்?"

கணவனை இழந்த துயரத்தை அவரால் தாங்க முடிந்தது. அத்துயரத்தின்மேல் ஏற்றிவைக்கப்பட்ட குற்றத்தை அவரால் தாங்க முடியவில்லை. அச்சொல்லைச் சொன்னவர் தீய எண்ணத்தோடு சொன்னதாக நாம் கருதவில்லை. ஆறுதல் கூறவே முயன்றிருக்கலாம். ஆனால் செபத்தைப் பற்றிய தவறான ஒரு கருத்து, கைம்பெண் ஒருத்தியின் கழுத்தில் எந்திரக் கல்லாகத் தொங்கக்கூடும் என்பதை அன்று கண்டோம். ஆகவே இக்கருத்தைச் சற்று நின்று ஆராய வேண்டியது கடமையாகிறது.

கடுகு விதையைப் பற்றிய சொல் ஆண்டவருடையதே. அதில் ஐயமில்லை. ஆனால் எந்த இடத்தில், யாருக்கு அதைச் சொன்னார்? லூக்கா நற்செய்தி 17ஆம் அதிகாரத்தில் திருத்தூதர்கள் ஆண்டவரிடம் ஒரு வேண்டுதலை வைக்கின்றனர். தங்கள் விசுவாசத்தைப் பெருகச் செய்யும்படி கேட்கின்றனர். அதற்கு மறுமொழியாகவே கடுகு விதை பேசப்படுகிறது. விசுவாசம் கேட்டுப் பெறவேண்டிய ஒன்று என்பதைத் திருத்தூதர்கள் அறிந்திருந்தார்கள். ஆண்டவரோ, பேரளவு வேண்டியதில்லை, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான சிறு விதை போதும் என்கிறார். சிறிய விசுவாசம் உடையவர்களுக்குத் தெம்பூட்டச் சொன்ன சொல் அது. அதையே எடுத்து, அந்தச் சிறிதளவும் உன்னிடம் இல்லை என்று ஒருவரை அளந்து பார்க்கும் படியாக ஆக்கிக்கொள்வது நற்செய்தியைத் தலைகீழாகப் பிடிப்பதாகும்.

மாற்கு 9ஆம் அதிகாரத்தில் வலிப்பு நோயால் துன்புற்ற சிறுவனின் தந்தை வருகிறார். அவருடைய செபம் நேர்மையானது. நம்புவதாகவும் சொல்லுகிறார், அந்த நம்பிக்கையில் உள்ள குறையை நீக்க உதவ வேண்டும் என்றும் அதே மூச்சில் மன்றாடுகிறார். முழு விசுவாசத்தோடு வா, பிறகு பார்க்கலாம் என்று ஆண்டவர் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. பாதி ஐயத்தோடு நின்ற அத்தந்தையின் பிள்ளையை அங்கேயே நலமாக்கினார். நற்செய்தியில் இதைவிட உண்மையான செபத்தைக் காண்பது அரிது. உள்ளதை உள்ளவாறு சொல்லி, இல்லாததையும் அவரிடமே கேட்கிற செபம் அது.

மறுபுறம், விசுவாசம் நிறைந்தவர்கள் கேட்டதெல்லாம் கிடைத்ததா? புனித பவுல் தம் உடலில் தைத்த முள்ளை அகற்றும்படி மூன்று முறை வேண்டினார். முள் அகலவில்லை, அருள் போதும் என்ற மறுமொழி மட்டும் கிடைத்தது. கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவே துன்பக் கிண்ணம் அகல வேண்டும் என்று மன்றாடினார். மூன்றாம் முறையும் அதே சொற்களைச் சொல்லி வேண்டினார் என்று மத்தேயு எழுதுகிறார். கிண்ணம் அகலவில்லை. விசுவாசம் மிகுந்தால் கேட்டது கிடைத்தே தீரும் என்னும் கணக்கு சரியென்றால், திருமகனுடைய விசுவாசமும் குறைவுபட்டது என்றன்றோ சொல்ல நேரும்? 2004 டிசம்பர் 26, திருக்குடும்பத் திருவிழா ஞாயிறு. அன்று காலை ஆழிப்பேரலையில் கொட்டில்பாட்டிலும் குளச்சலிலும் கீழமணக்குடியிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களிடம் அக்கணக்கைச் சொல்ல யாருக்கு நா எழும்? 2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயலில் கணவன்மார் திரும்பி வராத கடற்கரைச் சிற்றூர்ப் பெண்களிடம் சொல்ல யாருக்குத் துணிவு வரும்? அவர்கள் கரையில் நின்று செபித்த செபத்துக்கு ஈடான செபத்தை நம்மில் எத்தனை பேர் செபித்திருக்கிறோம்?

விசுவாசத்தைக் கேட்டுப் பெறுவது பற்றி நம் மண்ணுக்குக் கற்பித்தவர் வேறு யாருமல்லர். கேட்ட வரம் தருபவர் என்று நாம் அழைக்கும் சவேரியாரே. 1542 அக்டோபரில் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு அவர் வந்தபோது, அங்குத் திருமுழுக்குப் பெற்றிருந்த மக்களுக்குச் செபம் சொல்லித் தர ஆளில்லை. அவருக்கோ தமிழ் தெரியாது. இருமொழியும் அறிந்த சிலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், அருள்நிறை மந்திரம் ஆகியவற்றைத் தமிழில் ஆக்கி, அவற்றை மனப்பாடம் செய்தார். கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டினார். சிறுவர்கள் கற்றதைத் தாய் தந்தையருக்கும் அண்டை வீட்டாருக்கும் கற்பிக்கும்படி பணித்தார். இவற்றையெல்லாம் 1544 ஜனவரி 15ஆம் நாளிட்டுக் கொச்சியிலிருந்து உரோமைத் தோழர்களுக்கு எழுதிய மடலில் அவரே விவரித்திருக்கிறார்.

அம்மடலில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண், பெண், பெரியோர், சிறியோர் அனைவரையும் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தின் பன்னிரண்டு பகுதிகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, இதை நம்புகிறீர்களா என்று கேட்பார். அவர்கள் கைகளைச் சிலுவைபோல் மார்பின்மேல் வைத்து, நம்புகிறோம் என்பார்கள். அதோடு அவர் நிறுத்தவில்லை. ஒவ்வொரு பகுதி முடிந்ததும், சற்றுமுன் அறிக்கையிட்ட அதே உண்மையை ஐயமின்றி உறுதியாக நம்பும் அருளைத் தரும்படி இறைமகனிடம் வேண்டச் செய்வார். அந்த அருளுக்காகவே ஒரு கர்த்தர் கற்பித்த செபமும், அன்னையின் பரிந்துரையை வேண்டி ஓர் அருள்நிறை மந்திரமும் சொல்லச் செய்வார். பின்னர் பத்துக் கட்டளைகளுக்கும் அவ்வாறே. ஒவ்வொன்றையும் கடைப்பிடிக்கும் அருளைக் கேட்கச் செய்வார்.

நம்புகிறோம் என்று சொல்லிய வாய் மூடுமுன்னே, நம்பும் அருளைத் தாரும் என்று கேட்க வைத்த அந்த ஞானத்தை என்னென்பது! எழுதப் படிக்க அறியாத மீனவ மக்களுக்கு அவர் கற்பித்த முதற்பாடம் இதுவே. விசுவாசம் நம் சொந்த முதலீடு அன்று. ஒவ்வொரு வாரமும், ஒவ்வொரு வரிக்கும் கேட்டுப் பெறவேண்டிய கொடை. நாம் இன்று திருவிழாவுக்குச் சென்று அவரிடம் கேட்கும் வரங்களின் பட்டியலில், அவரே தம் மக்களைக் கேட்கச் செய்த இவ்வரம் இடம்பெறவில்லை என்றால், அப்பட்டியலைத் திருத்தி எழுத வேண்டாமா?

அதே கோட்டாற்றுப் பேராலயத்தில்தான் புனித தேவசகாயத்தின் கல்லறையும் உள்ளது. அவர் வரலாறு நம் மறைமாவட்டத்தாருக்குப் புதிதன்று. 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மா மன்னரின் ஆட்சியில் அலுவலராக இருந்தார். மாடுகள் மடிந்து, பொருள் இழந்து மனம் சோர்ந்திருந்த வேளையில், 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்னர் மன்னரின் படைத்தலைவரான தெ லனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றைச் சொன்னார். 1745 மே 14ஆம் நாள் வடக்கன்குளத்தில் அவர் திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்ற விவிலியப் பெயரின் தமிழாக்கமாகத் தேவசகாயம் என்ற பெயரைப் பெற்றார். கடவுள் உதவி செய்தார் என்பது அதன் பொருள்.

இங்கே நாம் சற்றுச் சிந்திக்க வேண்டும். யோபு இழந்தவை அனைத்தும் இறுதியில் இரட்டிப்பாகத் திரும்பின என்று விவிலியம் கூறுகிறது. யோபுவின் கதையைக் கேட்டு மனந்திரும்பிய தேவசகாயத்துக்கோ இழப்புகள் அதன்பின்தான் மிகுந்தன. உத்தியோகம் போயிற்று. 1749இல் கைது செய்யப்பட்டார். எருமையின்மேல் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டு சென்றார்கள், அடித்தார்கள், காயங்களில் மிளகாய்ப் பொடி தேய்த்தார்கள் என்று வரலாறு சொல்லுகிறது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் விலங்கு அகலவில்லை. 1752 ஜனவரி 14ஆம் நாள், ஆரல்வாய்மொழியின் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கடவுள் உதவி செய்தார் என்று பொருள்படும் பெயரைத் தாங்கியவருக்குக் கடவுள் செய்த உதவி இதுதானா என்று யாரேனும் அன்று கேட்டிருந்தால் வியப்பதற்கில்லை. அம்மூன்று ஆண்டுகளில் அவர் செபித்த செபங்கள் பயனற்றவையா? அவர் விசுவாசம் கடுகளவும் இல்லாததா? 2022 மே 15ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, இந்தியாவின் பொதுநிலையினருள் முதலாவதாக அம்மாட்சியைப் பெற்ற அவர் வழியாகத் திருச்சபை அக்கேள்விக்கு விடை கூறியது. விலங்கு கழலவில்லை, ஆனால் விலங்கு பூண்ட மனிதர் இறைவனைவிட்டுக் கழன்றுபோகவில்லை. அவர் பெற்ற உதவி அதுவே. ஆரல்வாய்மொழி மயிலாடிக்குத் தொலைவில் இல்லை. அம்மலைக்கு ஏறிச்செல்லும் திருப்பயணிகள் தங்கள் வேண்டுதல்களோடு இதையும் நினைவில் கொள்வது நலம்.

அப்படியானால் கேட்பதில் என்ன பயன், நடப்பது நடக்கட்டும் என்று இருந்துவிடலாமே என்று சிலர் வினவக்கூடும். இவ்வினா புதிதன்று. நாம் குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்களில் இதற்குப் புனித தோமா அக்குவினார் தரும் விளக்கத்தைக் கற்றோம். கடவுளின் திட்டத்தை மாற்றுவதற்காக நாம் செபிப்பதில்லை. நம் செபத்தின் வழியாகவே நமக்குத் தருவதென்று அவர் திட்டமிட்டிருப்பவற்றைப் பெறுவதற்காகச் செபிக்கிறோம் என்பது அதன் சாரம். விதைக்காமல் விளைச்சல் வராது. அதனால் விதைப்பவன் மழையையும் மண்ணையும் ஆளுகிறவன் ஆகிவிடுவதில்லை. அறிவுக்கு இது நிறைவான விளக்கம்.

உள்ளத்துக்கு நெருக்கமான விளக்கத்தைப் புனித அகுஸ்தினாரிடம் காண்கிறோம். உரோமை நகரம் 410இல் சூறையாடப்பட்டபின் ஆப்பிரிக்காவுக்கு வந்து சேர்ந்த புரோபா என்னும் கைம்பெண், எவ்வாறு செபிப்பது என்று அவரிடம் கேட்டார். ஏறத்தாழ 412ஆம் ஆண்டளவில் அகுஸ்தினார் அவருக்கு நீண்ட மடல் ஒன்றை எழுதினார். நமக்குத் தேவையானவை எவை என்று இறைவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர் தரவிருப்பதோ மிகப் பெரிது, நம் கொள்கலமோ சிறிது. கேட்கக் கேட்க நம் ஏக்கம் விரிந்து, பெறுவதற்குத் தகுதியாகிறது என்று அதில் விளக்குகிறார். நீண்ட நேரம் செபிப்பது வேறு, நிறையப் பேசுவது வேறு என்றும் எச்சரிக்கிறார். எகிப்து நாட்டுத் துறவிகள் அம்பு எய்வதுபோல் குறுகிய செபங்களை அடிக்கடி எழுப்பியதையும் எடுத்துக்காட்டுகிறார். எதைக் கேட்பது என்று தெரியாத நிலையிலும் தூய ஆவியார் நமக்காகப் பரிந்து பேசுகிறார் என்ற பவுலடிகளின் சொல்லை அவருக்கு நினைவூட்டுகிறார். ஒரு கைம்பெண்ணுக்கு ஓர் ஆயர் எழுதிய இம்மடலில், உன் விசுவாசம் போதவில்லை என்ற சொல் இல்லை.

இனி, பயனுள்ள வகையில் செபிக்கக் கற்றுக்கொள்வது எவ்வாறு? நூல்கள் பல உள்ளன. 2025ஆம் ஆண்டு யூபிலிக்கு முன்னோடியாக 2024ஆம் ஆண்டைச் செப ஆண்டாகவே திருத்தந்தை பிரான்சிஸ் அறிவித்திருந்தார். எனினும் எளிய இல்லங்களில் நாளையே தொடங்கக்கூடிய சிலவற்றை இங்குச் சொல்லுவோம்.

முதலாவது, உண்மையைச் சொல்லிச் செபிப்பது. கோபம் இருந்தால் கோபத்தோடு, ஐயம் இருந்தால் ஐயத்தோடு இறைவன்முன் நிற்கலாம். திருப்பாடல்களில் புலம்பலும் முறையீடும் எவ்வளவு! சிலுவையில் ஆண்டவரே கைவிடப்பட்டவனின் திருப்பாடலைத் தம் செபமாக்கிக்கொண்டார். யோபு இறைவனோடு வழக்காடினார். அவருடைய நண்பர்களோ இறைவனுக்காக வாதாடினார்கள், யோபு துன்புறுவது அவர் குற்றத்தாலேயே என்று விளக்கினார்கள். நூலின் இறுதியில் ஆண்டவர் சினந்துகொண்டது நண்பர்கள்மேல்தான். அதோடு, அந்நண்பர்களுக்காக யோபுவே மன்றாட வேண்டும் என்றும் பணித்தார்.

இரண்டாவது, விசுவாசத்தையே கேட்பது. குடும்பச் செபத்தில் விசுவாசப் பிரமாணத்தை ஓட்டமாக ஓதி முடிக்காமல், வாரத்தில் ஒரு நாளாவது சவேரியார் கற்பித்த முறையில், ஒரு பகுதியைச் சொல்லி நிறுத்தி, ஆண்டவரே, இதை நம்பும் அருளைத் தாரும் என்று அனைவரும் கேட்கலாம். பன்னிரண்டு வாரங்களில் ஒரு சுற்று முடிந்துவிடும். சிறுவர்களும் மனமுவந்து பங்குபெறுவர்.

மூன்றாவது, சுவை இல்லாத நாளிலும் விடாதிருப்பது. மயிலாடிக் கல்தச்சரைக் கேட்டால், கருங்கல்லில் உளி விரைவில் மழுங்கிவிடும் என்பார். மழுங்கியதை எறிந்துவிடுவதில்லை, உலையில் காய்ச்சித் தட்டிக் கூராக்கி, மீண்டும் கல்லுக்கே வருவார்கள். செபத்தில் மனம் மழுங்குவதும் அவ்வாறே தொழிலோடு சேர்ந்தது. விசுவாசம் போய்விட்டதற்கு அடையாளமன்று. நமக்கும் அத்தகைய நாள்கள் உண்டு. கட்டளைச் செபத்தைக் கையில் எடுத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டிருப்பதைத் தவிர வேறெதுவும் இயலாத நாள்கள் அவை. சலிக்காமல் நடுவரிடம் சென்ற கைம்பெண்ணின் உவமையை முடிக்கையில், மானிட மகன் வரும்போது மண்ணுலகில் விசுவாசத்தைக் காண்பாரோ என்று ஆண்டவர் வினவுகிறார். விடாது கேட்டுக்கொண்டிருப்பதையே அவர் விசுவாசம் என்று அழைக்கிறார் என்பது இதனால் விளங்கும்.

நான்காவது, கேட்டபின் நம் கையால் ஆகவேண்டியதைச் செய்வது. சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரம் நோயுற்றவரிடம் இரண்டையும் சொல்லுகிறது: இறைவனிடம் மன்றாடு, மருத்துவருக்கும் இடம் கொடு. நலம் தருகிறவரும் மருத்துவரைப் படைத்தவரும் ஒருவரே. செபம் பலித்தால் மருத்துவர் எதற்கு என்று கேட்பது விசுவாசத்தின் பேச்சன்று.

இறுதியாகச் சொன்னதை நமக்கு விளக்கிக் காட்டியவர், முன்னர்க் குறிப்பிட்ட அப்பெண்மணியே. அன்று அவருடைய கேள்விக்கு, இல்லை அம்மா, நீங்கள் அவரை விடவில்லை, ஆண்டவரும் விடவில்லை என்று மட்டுமே கூறினோம். வலிப்புற்ற சிறுவனின் தந்தை பற்றிய பகுதியை வாசித்தோம். அத்தந்தையின் மன்றாட்டை அவர் தமக்குரிய செபமாக எடுத்துக்கொண்டார். சில வாரங்கள் கழித்து அவருடைய அன்பியக் கூட்டம் அவர் வீட்டில் நடந்தபோது, தம் கணவரோடு வேலை பார்த்தவர்களுக்காகச் செபிக்க வேண்டும் என்று கேட்டார். செபம் முடிந்ததும் பேச்சு தூசியைப் பற்றித் திரும்பியது. துண்டு கட்டினால் போதாது, நுண்துகளைத் தடுக்கும் முகக்கவசம் வேண்டும். கல்லை அறுக்கும்போது நீர் விட்டுக்கொண்டே அறுத்தால் தூசி அடங்கும். இருமல் நீடித்தால் மருத்துவரிடம் கல் வேலை செய்வதைச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அடுத்த மாதம் அன்பியத்தார் சேர்ந்து முகக்கவசம் வாங்கிக் கொடுத்தனர். சிலர் அணிகின்றனர், சிலர் இன்னும் அணிவதில்லை. அவருடைய கொழுந்தன் இப்போது நீர் விட்டு அறுக்கிறார். கணவருக்காகச் செபித்த செபம் வீணாகிப் போனதா என்று அப்பெண்மணி இன்று கேட்பதில்லை. கடுகளவு விசுவாசம் இல்லை என்று சொன்னவருக்காகவும் தாம் செபிப்பதாகப் பின்னொரு நாள் கூறினார். யோபுவிடம் ஆண்டவர் கேட்டதும் அதுவேயன்றோ?

அவர் துயரம் தீர்ந்துவிட்டது என்று நாம் எழுதமாட்டோம், தீரவில்லை. நோயில் இருந்த அவர் கணவரை ஆண்டவர் ஏன் எழுப்பவில்லை என்பதற்கும் நம்மிடம் விடை இல்லை. விடை இல்லாத இடத்தில் பழியைக் கொண்டுவந்து வைக்காதிருப்பது நாம் அனைவரும் கடைப்பிடிக்கக்கூடிய ஒழுக்கம். துக்க வீட்டுக்குச் செல்லும்போதும், நோயாளியின் கட்டிலருகே அமரும்போதும் இதை நினைவில் கொள்வோம். ஒருவருடைய விசுவாசத்தை எடைபோடும் தராசு நம் கையில் தரப்படவில்லை. அவரோடு சேர்ந்து விசுவாசத்தைக் கேட்கும் உரிமையே நமக்குத் தரப்பட்டிருக்கிறது. தனியாகக் கேட்க வலுவற்ற ஒருவரின் அருகில் அமர்ந்து, அவருக்காகவும் நமக்காகவும் கேட்பதே திருச்சபையாக நாம் செய்யக்கூடிய பணி.

அன்பர்களே, அடுத்த முறை கோட்டாற்றுக்குச் செல்லும்போது உங்கள் வேண்டுதல்களை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். நோயைச் சொல்லுங்கள், கடனைச் சொல்லுங்கள், பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லுங்கள். சொல்லி முடித்தபின் உடனே எழுந்துவிடாதீர்கள். கைகளைச் சிலுவைபோல் மார்பின்மேல் வைத்து, அன்று மீனவச் சிறுவர்கள் கேட்டதையும் கேளுங்கள். கேட்டவை கிடைப்பினும் கிடைக்காவிடினும் ஆண்டவரோடு நிலைத்திருக்கும் உறுதியை அவ்வரமே நமக்குத் தரும்.